பூண்டு முடிச்சு

பூம்பாறையில் காலை ஆறரை பஸ்.
வத்தலக்குண்டில் அடைத்த காது மதுரையில் திறந்தது.
பரமக்குடி தாண்டினால் மரமென்று சொல்லக்
கருவேலம் மட்டும்.
ஸ்வெட்டரை மடியில் மடித்து வைத்துக்கொண்டு
வைகை கூடவே வரும் என்று பார்த்திருந்தேன்.
மணல்தான் வந்தது.

"கடல் வரைக்கும் எங்கம்மா போகுது?
பெரிய கண்மாயோட சரி"
என்றார் கண்டக்டர்.
சரி, தண்ணீருக்குப் பதிலாக
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் பெயர் எழுதியவர் கேட்டார்:
"கொடைக்கானல் பக்கமா? நீச்சல் தெரியுமா?"
"புல் நடத் தெரியும்."
மன்னவனூர் நாற்றங்கால், தினக்கூலி, நாலு வருஷம்.
சீகையைப் பிடுங்கிய குழியில்
பழைய புல்லைக் கொத்துக் கொத்தாக வைக்கிற வேலை.
"இங்கயும் அதேதான்" என்றாள் நம்புத்தாய்.
"என்ன, மேல கொஞ்சம் தண்ணி கெடக்கும்."

குருசடைத் தீவு போய்ச் சேர்வதற்குள்
மூன்று முறை வாந்தி.
நிமிரப் பயந்து குனிந்தே இருந்ததால்
படகின் கண்ணாடித் தரையில் அதைப் பார்த்தேன்:
பச்சை, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து
பிறகு மனம் மாறி மறுபக்கம்.
எங்கள் மேட்டில் காற்று செய்வதை
இங்கே காற்றில்லாமல் செய்கிறார்கள்.
ஆடு வருமா என்று கேட்டேவிட்டேன்.
"ஆவுளியா வரும், மேய.
நான் மூணு தடவ பாத்திருக்கேன்.
அதுல ரெண்டு செத்தது."

கரையில் உட்கார்ந்து
சணல் கயிற்றில் தாழைத் துண்டுகளைக் கட்டினோம்,
சட்டத்தோடு முக்குளிப்பவர்கள் கீழே கொண்டுபோய் வைக்க.
அவர்கள் முடிச்சு வலைக்கானது. தாழைக்கு வழுக்கியது.
நான் பூண்டுக்குப் போடுகிற மாதிரி போட்டேன்:
இரண்டு சுற்று, தாளை மடித்து உள்ளே,
பெருவிரலால் ஒரு அழுத்து.
மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் வந்துவிட்டது.
எனக்குக் கொஞ்சம் கர்வமும்.

மறுநாள் பவளத்தில் மாட்டிய அறுந்த வலையைப் பிரிக்கையில்
சிவப்பாக ஒன்று.
அரைக்கிலோ பூண்டு போடுகிற கண்ணிப் பை.
வடுகபட்டிச் சந்தைக்கு இப்படி எத்தனை கட்டியிருப்பேன்.
யாரும் பார்க்காதபோது முகர்ந்தேன்.
கடல் மட்டும்தான் இருந்தது.
என் ஊர் என்பதற்குச் சாட்சி இல்லை,
இல்லை என்பதற்கும்.
வைகை வராவிட்டாலும்
நாங்கள் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறோம்.

சாயங்காலம் கடலட்டையைக் காட்டினாள்.
மணலில் மறந்துபோன கத்தரிக்காய் மாதிரி கிடந்தது.
"அட்டைக்கா காவல்?" சிரித்துவிட்டேன்.
"எங்க ஊர்ல உப்பு வச்சாப் போயிரும்."
அவள் சுற்றிலும் கடலைக் காட்டி,
"இங்க எங்க வைக்கிறது?"

இதைப் பிடித்துத்தான் அவள் அண்ணன்
எட்டு மாதம் உள்ளே இருந்தான்.
அவள் ரோந்துப் படகில் ஏறிய நாளிலிருந்து
அவன் பேசுவதில்லை.
இதைச் சொல்லும்போது
சிப்பி ஓட்டால் நகத்தழுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் போனில் அவள் குரல் வந்தது,
பின்னால் காற்று:
"புயல்ல நாப்பது சட்டம் போச்சு. பதினொண்ணு நிக்குது.
உன் முடிச்சு ஒண்ணும் அவுரல. சட்டமே போச்சு."
சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று சொன்னேன்:
"இங்கயும் சீகை மறுபடி மொளைக்குது.
நாளைக்கும் வேலை இருக்கு."

இறங்கும்போது மழை.
குதிகாலில் அட்டை,
குடித்து நீலம் பாரித்து.
இடுப்பில் எப்போதும் உப்புப் பொட்டலம் உண்டு.
எடுத்தேன், பிரித்தேன்,
பிறகு நகத்தால் சுண்டிவிட்டேன்.

இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.
ரத்தம் நிற்காமல் வீடு வரை வந்தது.
அது புல்லுக்குள் போயிற்று,
யார் வைத்த புல் என்று கேட்காமல்.