ஒரு கட்டை மட்டும்

அஸ்ஸென்ஸ் ஊர்த் தேவாலயத்தில் ஒரு சவ ஆராதனை.
ஆர்கனில் மிதிகட்டை ஒன்று சிக்கிக்கொண்டு
கன்று தேடும் மாடாய் ஓயாமல் கத்தியது.
இருபத்திரண்டு வயது வில்லாட்ஸ் டோர்ன்பியர்
எழுந்து வந்து சவப்பெட்டியின் முன் குனிந்து
"மன்னிக்கவும், உங்களை எழுப்பும் எண்ணமில்லை" என்றான்.
முதலில் சிரித்தவள் விதவை.
திங்கட்கிழமை வேலை போயிற்று.
அவரே சொன்ன கதை. பாதி பொய்யாக இருக்கலாம்.

நான் சேர்ந்தது பிற்பாடு,
அவருக்குப் பெயரும் தொந்தியும் வந்த பின்.
ஓடென்ஸேக்காரி நான், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள்.
முதல் நாளே சொன்னார்:
"எண்பத்தேழு கட்டை சரியாக வேண்டும், ஃப்ரூ ஸ்கௌமோசெ.
ஒன்று தப்பாக வேண்டும்.
எவ்வளவு தப்பு என்பது உங்கள் பாடு."

கொஞ்சம் தப்பினால் காது மன்னித்துவிடுகிறது.
ரொம்பத் தப்பினால் வெறும் கோமாளித்தனம்.
ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடினேன்.
அரைச்சுரத்தை நூறாய்ப் பிளந்தால் அதில் பத்தொன்பது.
(எல்லை தாண்டி ஃப்ளென்ஸ்பர்க்கில் மட்டும் இருபத்துமூன்று.
ஏனென்று கேட்காதீர்கள்.)
மூன்று தந்தியும் ஒற்றுமையாய்த் தப்ப வேண்டும்.
ஒன்று மட்டும் தப்பினால் அது பழைய பியானோ.

மெதுவாக, உருக்கமாக வாசித்துக்கொண்டே வருவார்.
அந்தக் கட்டையில் விரல் விழும்.
சூப்பில் ஈயைக் கண்டவர்போல் நிறுத்துவார்.
பிறகு ஆறு நிமிடம்,
கடன் கொடுத்தவன் தெருவைத் தவிர்ப்பவனாய்
மற்ற கட்டைகளிலேயே சுற்றிச் சுற்றி நடப்பார்.

இசைக்கலைஞர் சங்கம் அவரை நடிகர் என்றது.
நடிகர் சங்கம் பியானோக்காரர் என்றது.
வரி அலுவலகம் மட்டும்
இரண்டும்தான் என்று தாராளமாக ஒப்புக்கொண்டது.

பிறகு ரென்னே.
இரவுக் கப்பலில் விடிய விடிய வாந்தி எடுத்து,
கை போன பழக்கத்தில்
எண்பத்தெட்டையும் சரியாகச் சேர்த்துவிட்டேன்.
நினைவு வந்தபோது அவர் மேடையில் அமர்ந்தாயிற்று.

விரல் விழுந்தது. சுத்தமான சுரம்.
கையை எடுக்க மறந்தார்.
கட்டையைப் பார்த்தார், திரைக்குப் பின்னே என்னைப் பார்த்தார்.
அந்த முகத்தை அவர் ஒருநாளும் ஒத்திகை பார்த்ததில்லை.
மீன் வியாபாரி ஒருவரை
மூச்சுத் திணறுகிறதென்று வெளியே கொண்டுபோனார்கள்.

கழுத்துப்பட்டியை அவிழ்த்தபடி சொன்னார்:
"ஹோல்ஸ்டெப்ரோவிலும் இப்படியே."
ஹோல்ஸ்டெப்ரோவில் சுரம் சரியாக இருந்தது.
அவருக்குத் தெரிந்திருந்தது, முகத்துக்கும் தெரிந்திருந்தது.
மூன்றாம் வரிசையில் யாரோ இருமினார்.

திரும்பும் வழியில், வைலே பாலத்தில், மழை.
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"இனிமேல் எனக்குச் சொல்லாதீர்கள்."

அன்றிலிருந்து
நடுவில் ஓட்டையுள்ள ஐந்து குரோனர் காசு ஒன்று.
மகுடம் விழுந்தால் சரி, மறுபக்கம் என்றால் பத்தொன்பது.
ஊர், தேதி, மகுடம் உண்டா இல்லையா:
நோட்டில் என் கையெழுத்தில் நானூற்றுச் சொச்சம் இரவுகள்.
என் முகத்தில் விடை தெரிந்துவிடக் கூடாதே என்று
அவர் மேடையேறும்வரை
நான் கழிவறையில் தாழிட்டு உட்கார்ந்திருப்பேன்.
முதல் வருடம் அவர் கை நடுங்கியது.
பிறகும் நடுங்கியது, அதற்குள் கைதட்டல் வந்துவிடும்.

கடைசி நிகழ்ச்சி ஸ்காகெனில்.
சுண்டிய காசு
மேடைப் பலகை இடுக்கில் உருண்டு விழுந்தது.
குனிந்து பார்த்தேன். இருட்டு.
சுருதிச் சாவி கையில், முதல் மணி அடித்தாயிற்று.
என்ன செய்தேன் என்பதை நோட்டில் எழுதவில்லை.

அன்று முழு இரவும்
அந்தக் கட்டையை அவர் தொடவே இல்லை.

வண்டியில் கேட்கவும் இல்லை.
ஆல்போர்க் தாண்டி ஒரு கடையில் நிறுத்தினோம்.
சூப்பில் உப்பில்லை என்றார்.
எனக்கு இருந்தது.