தையல் விட்ட இடம்

எங்கள் வீட்டிலிருந்து குளத்துக் காப்பகம்
மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.
ஸ்கூட்டர் முன்னால் கூடாரமும் இரண்டு தண்ணீர்க் கேனும்,
பின்னால் தமயந்தி, அவள் மடியில் புளிச்சோறு.
பெட்ரோல் பங்கில் ஒருத்தர்
"எந்தூருக்குப் பயணம்?" என்றார்.
"இங்கதானுங், திருப்பூருக்கு" என்றேன்.
நம்பவில்லை.

வாட்சர் மாரப்பன் நோட்டில் கையெழுத்து வாங்கினார்.
கரண்ட் இல்லை, குழாய் இல்லை,
தீ மூட்டக் கூடாது.
பொடக்காலி எங்கே என்று கேட்டாள் தமயந்தி.
ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.
கரையிலிருந்து நூறு தப்படி தள்ளி,
முழ ஆழம் தோண்டி, அப்புறம் மூடிவிட வேண்டும்.
"மறக்காமக் கொண்டாந்து குடுத்துருங்,
இருக்கறது இது ஒண்ணுதான்."

கொளுக்கட்டைப் புல்லை மிதித்துப் படுக்கவைத்து
ஊஞ்ச மரத்தடியில் கூடாரம் அடித்தோம்.
எங்கள் கம்பெனி உருப்படிதான்.
நார்வே போகவேண்டியது.
செக்கிங் டேபிளில் அதைக் கழித்தவனே நான்:
கூரை மடிப்பில் மூன்று தையல் விட்டிருக்கிறது
என்று எழுதிச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
அப்புறம் இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்து
நானே எடுத்துக்கொண்டேன்.

பொழுதோடு கூழைக்கடாக்கள் இறங்கின,
பாரவண்டி வேகத்தடையில் இறங்குகிற மாதிரி.
சோற்றைத் தின்று இலையை மடித்துப் பையில் போட்டோம்.
இருட்டு என்று சொல்லமுடியாது.
மேகத்தின் அடிவயிறெல்லாம் ஆரஞ்சு.
கரைக்கு அந்தப் பக்கம் பனியன் கம்பெனிகளின் இரைச்சல்,
அதை இரைச்சலென்று காது எண்ணுவதே இல்லை.

"அங்க பாருங்" என்றாள்.
இரண்டு செல்போன் கோபுரத்துக்கு நடுவில்
மூன்றாம் மாடி, கடைசிச் சன்னல்.
"அடுப்படி லைட்டு அணைக்காம வந்துட்டமாட்டக்குது."
பதினாறு வருசமாக அந்தச் சன்னலுக்குள் நின்று
இந்தப் பக்கம் பார்த்து
குளம் என்று ஒரு சொல்லோடு திரும்பியிருக்கிறோம்.
இப்போது புல்லில் உட்கார்ந்து
அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தோம், சினிமா பார்க்கிற மாதிரி.
ஒரு நிழலும் குறுக்கே போகவில்லை.
"நல்லாப் பொழைக்கிறவங்களாட்டத் தெரியுது" என்றாள்.

தையல் விட்ட இடத்தில் நட்சத்திரம் தெரிந்தது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
கொசுதான் வந்தது.

ஒன்றரை மணி இருக்கும், கரண்ட் போனது.
சன்னல் போனது, ஆரஞ்சு போனது,
கம்பெனி இரைச்சல் நின்றபிறகுதான்
இவ்வளவு நேரம் அதற்குள் கிடந்தோம் என்று தெரிந்தது.
தலைக்குமேல் ஒரு வக்கா
தன் பேரைத் தானே ஒருமுறை சொல்லிக்கொண்டு போனது.
தவளைகள் புதிதாக ஆரம்பிக்கவில்லை,
நாங்கள் இப்போதுதான் கேட்கிறோம்.

அந்த இருட்டில் தமயந்தி கேட்டாள்,
"நார்வே லாட்டு, ஏழாம் லைனுதானுங்?"
"ஆமா."
"அந்த வாரம் ஏழாம் லைன்ல நான் உக்காந்திருந்தேன்.
எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்த வாரம்."

எனக்கு வாய் வரவில்லை.
பீஸில் தைத்தவர் பேர் இருக்காது, லைன் நம்பர்தான்.
அவள் மூச்சு சீராக இருந்தது,
கோபம் இருக்கிறதா என்று அதில் தேடினேன்.
தூரத்தில் ஒரு ஜெனரேட்டர் உறுமியது,
அப்புறம் இன்னொன்று, அப்புறம் மொத்தமும்.
மேகம் மறுபடி நிறமேறியது.
எங்கள் சன்னல் மட்டும்
நான் தூங்குகிற வரைக்கும் வரவில்லை.

வெள்ளெனே நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து எழுந்தேன்.
அவள் மண்டிபோட்டு
கூரை மடிப்பில் நகத்தை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தாள்,
கண்ணைச் சுருக்கி, மிசின் முன்னால் உட்காருகிற அதே முகம்.
"மூணில்லீங்" என்றாள்.
"நாலு.
நீங்க தப்பா எழுதியிருக்கறீங்."

மண்வெட்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தோம்.
மாரப்பன் அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு
நோட்டைத் திருப்பி
போன நேரம் எழுதச் சொன்னார்.