பொட்டல வெயில்

ரத்த அறிக்கையில் வைட்டமின் டி: பதினொன்று.
கத்திரியில்
தார் உருகும் இந்த ஊரில்
எனக்கு மட்டும் சூரியன்
வாரத்துக்கு ஒரு பொட்டலம்.
ஞாயிறுதோறும் பாலில் கரைத்துக் குடிக்கிறேன்.

சோழிங்கநல்லூர் இரவுப்பணி முடிந்து
திருவான்மியூர் கடற்கரையில் இறங்கினால்
தனக்கோட்டி அக்காவின் எவர்சில்வர் தூக்குகள்.
அருகம்புல் சர்க்கரைக்காம்,
வாழைத்தண்டு கல்லுக்காம்,
முடக்கத்தான் சூப்பு
முட்டி தேய்ந்த பேங்க் மேனேஜர்களுக்கு.

"நீங்க எதைக்கா குடிப்பீங்க?"

"விக்கறதைக் குடிச்சா வாடகை யாரு குடுப்பா?
டீதான். தொட்டுக்க ரெண்டு பொறை."

முழங்கை வரை கறுத்த கை.
பொட்டலத்தில் வராத வெயில்.

நானும் குர்தாவின் கையை மடித்துவிட்டு
அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"தள்ளி நில்லும்மா,
கஸ்டமருக்குத் தூக்கு மறைக்குது."