மடியில் ஒரு ஜன்னல்

ஓருரோவில் ஏறும்போதே
என் முதுகுப்பை கூரைக்குப் போய்விட்டது,
வெங்காய மூட்டைக்கும்
கால் கட்டிய ஓர் ஆட்டுக்கும் நடுவே.
பக்கத்து இருக்கைக்காரி
கம்பளியில் சுற்றிய எதையோ நிமிர்த்திப் பிடித்து
அதன் ஒரு முனையை என் மடியில் சாய்த்தாள்.
கேட்கவில்லை. சாய்த்தாள்.
பெயர் ஸெனோபியா. உள்ளே கண்ணாடி.
வீட்டு ஜன்னலுக்கு.

சபாயாவோடு தார்ச்சாலை தீர்ந்தது.
அப்புறம் வந்த பள்ளமெல்லாம்
எங்கள் நான்கு கைகளின் கணக்கில்.
நான் பார்க்க வந்த எரிமலையும்
விக்குன்யாக் கூட்டமும்
ஒற்றைக்காலில் தூங்கும் பூநாரைகளும்
அந்தப் பக்கமாகவே கடந்து போயின.
ஆறு மணி நேரம் நான் பார்த்தது
கம்பளியில் ஓடிய ஒரு பச்சைக் கோடு.

என்ன விற்க வந்தாய்? என்றாள்.
ஒன்றுமில்லை.
வாங்கவா?
இல்லை.
இங்கே உறவா?
அதுவும் இல்லை என்றதும்
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
ஏதோ நடக்கக்கூடாதது நடந்திருக்கிறது இவனுக்கு
என்று தானே முடிவுகட்டி
அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தாள்.

கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரத்து அறுநூறு மீட்டர்.
நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டே வந்தார்கள்.
நடத்துனப் பையன் ஒரு பிடி கோகா இலை தந்து
மெல்லாதே, கன்னத்தில் ஒதுக்கு என்று சைகை காட்டினான்.
வெற்றிலை மாதிரி இருக்குமென்று நம்பி ஏமாந்தேன்.
வைக்கோல் கசப்பு.
ஆனாலும் ஆணி கொஞ்சம் மெதுவாக இறங்கியது.

பிற்பகலில் பேருந்து நின்றது.
முன்னால் மண் இல்லை, உப்பு;
உப்பின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர்.
ஓட்டுநர் ஃபோர்த்துனாட்டோ கால்சட்டையை மடித்துக்கொண்டு
கழியால் தட்டித் தட்டி
கோய்ப்பாசா இருக்கும் திசையில் நடந்தார்.
அவர் பின்னால்
பேருந்து, அவருக்குப் பழகிய மாடு போல.
கண்ணாடி மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
மடியில் கனத்தது கண்ணாடி.
பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் வீட்டு ஜன்னலில் அதுவரை
எண்ணெய்த் தகரம் ஒன்றை அடித்து வைத்திருந்தார்கள்.
உப்புக்காற்று தின்று அது
சல்லடையாகியிருந்தது.
எல்லாவற்றையும் தின்னும், என்றாள்.
ஆணி, மிதிவண்டிச் சங்கிலி, என் மாமனாரின் லாரி.
இதை மட்டும்
நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

வைத்துப் பார்த்தால்
கண்ணாடி அரை விரல் அகலம் கூடுதல்.
அறுக்கும் கருவி ஓருரோவில்.
அவள் தம்பி ரூஃபினோ முதலில் சிரித்தான்,
பிறகு சமையல் கத்தியை எடுத்துவந்தான்.
மண்சுவரைத்தான் சுரண்டினோம்,
முறை வைத்து, இருட்டும்வரை.
நான்கு முறை கத்தி இழுப்பதற்குள்
எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது.
பிள்ளைகள் அதை எண்ணினார்கள்.

பொருந்தியது.
ஓரத்தில் அவள் கைரேகை,
கீழே என்னுடையது,
இரண்டுக்கும் அப்பால் நிலா ஏறிய உப்பு,
முடியவே முடியாமல்.
முதல்தடவையாக அப்போதுதான் பார்த்தேன்.
ஒரு நிமிடம் இருக்கலாம்.
இந்த வெளிச்சத்தில் குழந்தை தூங்காது என்று
அந்தப் பச்சைக்கோட்டுக் கம்பளியை எடுத்து
ஜன்னலை மூடிவிட்டாள்.

காலையில் ரூஃபினோவோடு உப்பு வெட்டப் போனேன்.
பாளம் பாளமாகப் பெயர்த்து
குவித்து வடியவிட்டு மூட்டை கட்டுகிறார்கள்.
ஐம்பது கிலோ மூட்டைக்கு அவன் சொன்ன விலை
என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை விடக் குறைவு.
உப்புக்குப் பெறாதது என்று
எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறேன் நான்.
மண்வெட்டியை வாங்கி
இன்னொரு பாளத்தைப் பெயர்த்தேன்.
கோணலாக வந்தது. அவன் ஒதுக்கிப் போட்டான்.

திரும்பும் பேருந்து வியாழக்கிழமை.
மடியில் எதுவுமில்லை,
எரிமலை என் பக்கம்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
என் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்தன,
எதையோ ஏந்திக்கொள்ள.
பக்கத்தில் இருந்த பெரியவர்
தன் கோழிக்கூடையைக் கொஞ்சம்
தள்ளி வைத்துக்கொண்டார்.