வெற்று மாதிரி

இரவு இரண்டே காலுக்கு
வலையங்குளம் விலக்கில் ஜீப் எங்களை இறக்கிவிட்டது.
தோட்டத்தில் நெற்றி விளக்குகள்
குனிந்தும் நிமிர்ந்தும் நகர்ந்துகொண்டிருந்தன.
மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும்.
மாட்டுத்தாவணியில் நாலரைக்கு விலை சொல்வார்கள்.

நான் கொண்டுபோனது பன்னிரண்டு பிளாஸ்டிக் பைகள்,
ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் ஸ்பிரிட்,
ஐஸ்பெட்டி, அழியாத பேனா, ஒப்புதல் படிவம்.
"மணிக்கட்டு வரைக்கும் உள்ள விடுங்க.
அரை நிமிஷம் குலுக்கணும், அவ்வளவுதான்."

விருமாயிதான் முதலில் கை நீட்டினாள்.
விரல் நுனியெல்லாம் பூண்டுத் தோலாய் உரிந்திருந்தது.
பை சில்லிட்டதும் சிரித்தாள்.
"குறிகாரி மாதிரி கையப் புடிக்கிற.
பாத்துச் சொல்லு, இன்னும் எத்தன வருசம்னு."
சொல்வதற்கு எனக்கு
ஹெக்சேனும் ஹீலியமும் நாலு நாளும் வேண்டும்.

முந்தாநாள்தான் அடித்தார்களாம்.
மொட்டுப்புழு. முகூர்த்தம் வேறு நெருங்குகிறது.
"என்ன மருந்து?"
"நீலக் கேன்."

பதினொரு கை முடிந்ததும்
பன்னிரண்டாவது பையில் என் கையை விட்டேன்.
விதி அப்படி.
எதையும் தொடாத கை ஒன்று வேண்டும்
ஒப்பிட்டுப் பார்க்க.

திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்து
பதினான்காம் நிமிடத்தில் எழுந்தது.
விருமாயிக்கு ஒரு பனை உயரம்.
சின்னாத்தாளுக்கு அதற்கும் மேல்.
அறிக்கையில் 'அனுமதி அளவு' என்றொரு கட்டம்.
கத்தரிக்காய்க்கு உண்டு, மிளகாய்க்கு உண்டு,
மல்லிகையை யாரும் தின்பதில்லை.
கைக்கு எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன்.
சிறு கோடு கிழித்துவிட்டேன்.

கடைசியாக என் பை.
தட்டையாக வர வேண்டிய இடம்
அதே பதினான்கில் லேசாக மேடுகட்டியது.
ஊசியைக் கழுவி மறுபடி ஏற்றினேன்.
அதே மேடு.

அன்று சாயங்காலம்
மேலமாசி வீதி முனையில் இரண்டு முழம் வாங்கினேன்.
ஜீப் குலுக்கலில் நழுவிய சரத்தை
ஒருதரமோ இருதரமோ எடுத்துச் செருகினேன்.

ஹபீபுல்லா சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"வெற்று மாதிரியே சுத்தமில்ல.
மொத்தத் தொகுதியும் செல்லாது."
சரிதான். மாணவர்களுக்கு
நானும் அதைத்தான் சொல்லித்தருகிறேன்.

எட்டு நாள் பூ வைக்கவில்லை.
அவனியாபுரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
என் பின்னலைப் பார்த்தாள்,
பிறகு கழுத்தைப் பார்த்தாள்.
தாலி இருந்தது.
குழம்பிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி அதே விலக்கு, அதே விளக்குகள்.
"என்னதான் இருந்துச்சு எங் கையில?"
"இருந்துச்சுக்கா. ஆனா கணக்குல சேராதாம்."
"ஏன்?"
"எங் கையிலயும் இருந்துச்சு."

விருமாயி கொஞ்சநேரம் பறித்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு விளக்கு வெளிச்சத்தை என் தலைக்குத் திருப்பி
"அதுக்காக இப்பிடியா வெறுந்தலையோட வருவ" என்று
மடியிலிருந்து ஒரு கை மொட்டு அள்ளினாள்.

"ஒரு நிமிஷம்க்கா."
என் பையை முதலில் குலுக்கினேன்.
கட்டினேன், நேரம் எழுதினேன், 2.50.
ஐஸ்பெட்டியில் வைத்து மூடினேன்.

அப்புறம் கையை நீட்டினேன்.