குக்கர் மூடி

ஒத்தக்கடை தாண்டியதும் சாலை
யாரும் படுக்காத பாய்போல் விரிகிறது.
மணி நாலு பத்து.
பின்னால் அருளப்பன் தூங்குகிறார்.
வலக்கை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கி
ஒவ்வொரு குழிக்கும் ஒருமுறை ஆமாம் போடுகிறது.

முன்னாளில் இது ரொட்டி வண்டி.
தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மெட்டடார்.
மூன்று கோட் நீலம் அடித்தும்
மழையில் நனைந்தால் பக்கவாட்டில்
பன், பட்டர், ரஸ்க் என்று மெல்ல எழுந்துவரும்.
இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒற்றை பர்னர் அடுப்பு,
இருபது லிட்டர் கேன், கொசுவலை அடித்த ஜன்னல்,
ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடி,
மூன்று லிட்டர் குக்கர்.
ஒரு வீட்டை எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று
லைசென்ஸ் கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

முனிச்சாலை ஷெட்டில் ரியாசுதீன் சொன்னான்,
காதில் பென்சில், வயசு இருபத்திமூணு:
"அறுபது வரைக்கும் நீங்க சொல்றதை வண்டி கேக்கும்க்கா.
அதுக்கு மேல வண்டி சொல்றதை நீங்க கேக்கணும்."
அருளப்பன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்,
டீசல், ஆயில், கிலோமீட்டர், வேகம் எழுதும் அதே நோட்டில்,
அடிக்கோடு போட்டு.

ஐம்பதில் போகிறேன்.
திருச்சி பஸ் தாண்டியது, சரி.
தவிட்டு மூட்டை லாரி தாண்டியது, அதுவும் சரி.
ரெண்டு வாழைத்தார் கட்டிய டி.வி.எஸ். ஃபிப்டி தாண்டியது.
ஓட்டுகிறவர் தலையில் துண்டு, வாயில் பீடி.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அங்கேதான் ஆரம்பித்தது.

முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸில்
கோப்பு நகர்த்தியவள் நான்.
எதையும் வேகமாய் நகர்த்தினேன் என்று
ஒரு புகார்கூட வந்ததில்லை.
ஆனால் வலது பாதத்துக்குத் தனியாய் ஒரு மூளை இருக்கிறது,
அது யாருக்கும் மனுப்போட்டுக் காத்திருப்பதில்லை.

அறுபது.
டம்ளர்கள் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கின.
அறுபத்தைந்தில் கரண்டிகள் சேர்ந்துகொண்டன.
எழுபதில் ஸ்டீயரிங் நடுக்கம் முழங்கைவரை ஏறியது,
குளிர்காய்ச்சல் வந்த பிள்ளையைப்
பிடித்துக்கொண்டிருப்பதுபோல்.
எஞ்சினிலிருந்து, சத்தியமாய்,
சூடான ரொட்டி வாசம்.
இடப்பக்கம் இத்தனை நேரம்
படுத்தே கிடந்த யானைமலை
எழுபத்தைந்தில் முன்னங்கால் ஊன்றி
எழுந்துகொண்டது.
தெரியும், தெரியும் என்றபடியே மிதித்தேன்.

எண்பது.
எங்கோ பின்னால் கனமாய் ஒன்று விழுந்து
உருண்டு, சுழன்று,
ரொம்ப நேரம் சுழன்று,
அடங்கியது.

சிட்டம்பட்டி டோல்கேட் விளக்குகள் தெரிந்ததும்
பாதம் ஒன்றும் அறியாததுபோல் பின்வாங்கிற்று.
டெம்பரேச்சர் முள்
சிவப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
உள்ளே வரட்டுமா என்று நின்றது.
நாற்பது. முப்பது.
டம்ளர்கள் ஒவ்வொன்றாய்ப் பேச்சை நிறுத்தின.

அந்த அமைதியில்தான் அருளப்பன் விழித்தார்,
அத்தனை ஆட்டத்திலும் தூங்கிய மனுஷன்.
"என்ன, மெதுவாயிருச்சு?"
"டோல்."
"ம்."
ஒரு கொட்டாவி. பிறகு கண் திறக்காமலே,
"குக்கர் மூடியைத் தேடாத.
கட்டிலுக்கு அடியில, ஸ்பேர் டயர்ல போய்
சாஞ்சு நிக்கும். எப்பவும் அங்கதான்."

மூன்று வருஷத்தில்
நான் ஓட்டி அது விழுந்தது இன்றைக்குத்தான்.

மேலூரில் டீ.
போனட்டைத் திறந்துவைத்து
ரெண்டு பேரும் ஆவியைப் பார்த்தபடி குடித்தோம்.
வெயில் அதிகம்தான் என்றார், விடியாத இருட்டில்.
ஆமாம் என்றேன்.
நோட்டை நீட்டினார்.

வேகம்: ஐம்பது என்று எழுதினேன்.
அதற்கு மேலே, அவர் கையெழுத்தில்,
நுனி சீவிய பென்சிலால்,
பக்கம் முழுக்க
எத்தனை ஐம்பது.