மேல்கம்பி

முதல் தடவை மட்டும்தான் அழுகை வந்தது.
தோட்டத்துக் கிரவுண்டில் கரப்பந்து.
வலைக்கு மேலே எழும்பி ஓங்கி அடித்தேன்.
பந்து அந்தப் பக்கம் போனது,
தோள் இந்தப் பக்கம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஏற்றிவிட்டார்கள்.
கைக்குத் தொட்டில் கட்டி
மூன்று கிழமை அசைக்காதே என்றார்கள்.
எட்டாம் நாள் கடைக் கொப்பியைப் பார்த்தேன்.
தொட்டிலைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

ஹட்டன் - மஸ்கெலியா பஸ்ஸில்
வலது கை மேல்கம்பியில்,
இடது கையில் டிக்கெட் கட்டு.
நோர்வூட் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது.
பஸ் ஒரு பக்கம் சாயும்,
உடம்பு மறுபக்கம் போகும்,
கை மட்டும் போகமாட்டேன் என்று கம்பியோடு நிற்கும்.

சோடாப் போத்தல் திறக்கிற மாதிரி ஒரு சத்தம்.
வெளியில் யாருக்கும் கேட்காது.

ரத்னசிறி கண்ணாடியில் என்னைப் பார்ப்பான்.
"ஆயெத்?"
மறுபடியும்தான்.
பஸ்ஸை ஓரங்கட்டி, சப்பாத்தைக் கழற்றி,
என் அக்குளில் குதிக்காலை முட்டுக்கொடுத்து
கையைப் பிடித்து இழுப்பான்.
பஸ்ஸே ஜன்னலுக்கு வந்துவிடும்.
ஒரு நாள் ஒரு அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"தம்பி, எனக்கு மீதி இருபது ரூவா தரணும்."

டிக்கெட்டின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணினேன்.
ஒன்பதாவது, சட்டை மாட்டும்போது.
பதினோராவது, மச்சினன் கல்யாணத்தில்
அட்சதை தூவப் போய்.
வீடியோவில் இருக்கிறது:
எல்லார் கையும் மேலே,
என் வாய் மட்டும் திறந்தபடி.
பதின்மூன்று தூக்கத்தில் வந்தது.
கனவில்கூட நான் எதையும் எறியவில்லை.

வரவர வலி குறைந்தது.
நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.
குனிந்து, கையைத் தொங்கவிட்டு,
நானே ஏற்றிக்கொள்ளப் படித்திருந்தேன்.
"பழகிருச்சு" என்றேன் யோகமலரிடம்.
அவள் மா பிசைந்துகொண்டே,
"தள்ளுனதும் கதவு தொறக்குதுன்னா
பழகிருச்சுன்னு அர்த்தமில்ல.
கொண்டி தேஞ்சு போச்சு" என்றாள்.

பதினேழாவதுக்குப் பிறகு கண்டி.
படம் பிடித்தார்கள்.
டொக்டர் என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருப்பாள்.
தன் பிளேன்டீ சாசரைக் கவிழ்த்துத் துடைத்து நிமிர்த்தி,
ஒரு தாளைக் கசக்கி உருட்டி அதில் வைத்தாள்.
சாசரின் விளிம்பு ஏற்கெனவே உடைந்திருந்தது,
அவளுக்கு வசதியாக.
"உருண்டை வெளியில போற ஒவ்வொரு தரமும்
விளிம்பைக் கொறிக்குது.
விளிம்பு திருப்பி உருண்டையில பள்ளம் போடுது.
இப்படியே விட்டா மூட்டு முழுக்கத் தேஞ்சிரும்,
வாதம் வந்திரும்.
உங்களுக்கு என்ன வயசு?"
இருபத்தொன்பது என்றேன்.
படத்தில் என் எலும்பின் உச்சியில்
யாரோ கோடரியால் ஒரு முறை கொத்திப் பார்த்த தடம்.

பிறகு என்னைப் படுக்க வைத்து
கையைப் பக்கவாட்டில் தூக்கினாள்,
முழங்கையை மடக்கி
மெதுவாகப் பின்னால் திருப்பினாள்,
கல் எறியப் போகிறவன் கை மாதிரி.
அவள் தோளைப் பார்க்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் வாய் திறக்கு முன்பே கையை இறக்கிவிட்டாள்.

"வலிச்சதா?"
"இல்ல."
"பயமா?"

பஸ்ஸில் ஏறி இறங்கிய இத்தனை ஆயிரம் பேரில்
யாரும் கேட்காதது.
சீலிங் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு
ஆமாம் என்றேன்.
அதை அவள் காகிதத்தில் எழுதிக்கொண்டாள்,
அதுவும் ஒரு வியாதிக் குறி போல.

பக்கத்து எலும்பில் ஒரு துண்டு வெட்டி
விளிம்பில் வைத்து ஆணி முடுக்குவார்களாம்.
வரிசையில் பத்து மாதம்.

இப்போது இடது கைதான் பிடிக்கிறது,
சீட்டின் முதுகை, தாழ்வாக.
வலது கை இடுப்பை விட்டு ஏறாமல் சில்லறை எண்ணுகிறது.
வளைவு வரும்போது ரத்னசிறி கியரை இறக்குகிறான்,
என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.
நின்று வருகிறவர்கள் எல்லாரும்
மேல்கம்பியில் கையைப் போட்டுக்கொண்டு
சிரிக்கிறார்கள், போன் பேசுகிறார்கள்,
ஒருத்தன் தொங்கியபடியே தூங்குகிறான்.
பஸ் சாய்கிறது.
நான் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.